எழுபத்திரண்டு குச்சி

ஆறு கிலோ கோழி ஏழாயிரத்து எண்ணூறு.
கரி நானூற்றைம்பது.
தூள், எண்ணெய், தேசிக்காய் அறுநூற்று நாற்பது.
மூங்கில் குச்சி நூற்றெண்பது, பேப்பர் தொண்ணூறு,
நகரசபை ரிக்கற் நூறு.
சீஆர் கொப்பியின் கடைசித் தாளிலிருந்து
முன்பக்கம் நோக்கி எழுதி வருகிறேன்.
முன்பக்கம் மகனின் விஞ்ஞானம்:
இரைப்பையின் படம், பாதிக்கு நிறம் தீட்டியது.

குச்சிக்கு நாலு துண்டு, நூற்றைம்பது ரூபா.
கோழி விலை ஏறியபோது நாங்கள் விலையை ஏற்றவில்லை,
துண்டைச் சிறிதாக்கினோம்.
அது கத்திக்கும் எனக்கும் தெரியும்.
மிச்சத்தை நெருப்புச் சுருக்கியது.
"முந்திப் பெரிசா இருந்ததே" என்பவருக்கு
சகாயநாதன் ஒரு வெங்காய வளையம் கூட வைப்பார்.
வெங்காயத்தை நான் இன்னும் கணக்கில் எழுதவில்லை.

டச்பேயில் விளம்பரச் செலவு இல்லை.
கடற்காற்று வாசத்தைத் தூக்கிக்கொண்டுபோய்
பஸ் ஸ்ராண்ட் வரை சொல்லிவிட்டு வரும்.
கச்சான் தொடங்கினால் சரி,
வாசம் எல்லாம் கடலுக்கு.
மீனா வந்து குச்சி வாங்கும்?

எங்களுக்கு ஒரு பங்காளி உண்டு, கலண்டர்.
வெள்ளிக்கிழமையை அவர் எடுத்துக்கொள்வார்,
கோயிலடிச் சனம் வண்டியை ஒரு முழம் விலத்திப் போகும்.
போயாவுக்கு ஒன்று. கந்தசட்டிக்கு ஆறு.
தவக்காலத்தில் நானே இறைச்சி தொடுவதில்லை,
ருசி பார்க்க ஆளில்லாமல் உப்பு கூடிவிடும்.
நோன்பு மாதத்தில் மட்டும் கொஞ்சம் திருப்பித் தருவார்:
இரவுத் தொழுகை முடித்து வரும் பெடியள்
கோழி ஜமாலியாக் கடையில் வாங்கியதுதானா என்று கேட்பார்கள்,
ஓமென்றால்
இருபது குச்சி ஒரே நிற்பில்.

கோட்டைப் பக்கமிருந்து மான் வரும்.
பிழிந்த தேசிக்கோதும் எண்ணெய்ப் பேப்பரும் அதற்கு.
வெள்ளைக்காரி ஒருத்தி முழங்காலில் நின்று படம் பிடித்தாள்,
குச்சி வாங்கவில்லை.
நாற்பது கிலோ இறைச்சி
தன் காலில் நடந்து வந்து
என் வண்டியில் முகம் வைக்கிறது.
அதற்கு விலை எழுத ஊரில் ஒருவருக்கும் மனம் வராது.
கொடுத்துவைத்த பிறவி.

கடன் கொம்பனியிலிருந்து அனோஜினி என்றொரு பிள்ளை
இலாபம் பார்க்க வந்தா.
எழுபத்திரண்டும் விற்றால் பத்தாயிரத்து எண்ணூறு,
செலவு போக ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது,
அவவின் தவணை எழுநூறு போக
எண்ணூற்று நாற்பது.
நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் நின்றேன்.
"அக்கா, உங்கட ரெண்டு பேரின்ர சம்பளத்தை எங்க எழுதியிருக்கிறீங்க?"

பின்னேரம் இரண்டிலிருந்து இரவு பதினொன்று.
ஆளுக்கு ஒன்பது மணித்தியாலம்.
போனில் பிரித்துக் காட்டினா:
மணிக்கு நாற்பத்தாறு ரூபா அறுபத்தாறு சதம்.
பக்கத்துக் கடைப் பிளேன்ரீ ஐம்பது.

காலையில் கோழி கழுவியதை நான் சொல்லவில்லை.

அவவுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது போலும்,
இரண்டு குச்சி கேட்டு ஐந்நூறு நீட்டினா.
இருநூறு மிச்சம் கொடுத்தேன்.
வேண்டாமென்று சொல்லவில்லை,
எண்ணிப் பார்த்துத்தான் பையில் வைத்தா.
அது எனக்குப் பிடித்திருந்தது.

கரி சாம்பலான பிறகு
அடிமட்டம் வைத்துப் புதுக் கோடு ஒன்று போட்டேன்.
தலைப்பு: சம்பளம். கீழே வெறுமை.
இன்று எழுபத்தொன்று விற்றது.
மிஞ்சின ஒன்றைச் சகாயநாதன் என் பக்கம் நீட்டினார்.
எனக்கு இரண்டு துண்டு, அவருக்கு இரண்டு.
உப்புச் சரி.

விரலை எங்கே துடைத்தேனோ,
என் கணக்குக்கும் அவன் பாடத்துக்கும் இடையில்
மிஞ்சியிருந்தது ஆறே தாள்.
விடியப் பார்த்தால்
எண்ணெய் ஊறி
இரைப்பையின் மற்றப் பாதியும் நிறமாகியிருந்தது.